லேபிளில் அச்சடித்த கியூஆர் செத்துவிட்டது: சொந்தப் பெயரில் குட்டி லிங்க் வைப்பது எப்படி?

காங்கேயம்_செக்கு | செவ்வாய், காலை 10.05

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். கடலை, எள், தேங்காய் மூன்றும் உண்டு. போன மாதம் புது லேபிள் 5,000 அடித்தோம். மூலையில் ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் எங்கள் வாட்ஸ்அப் திறக்கும், "வணக்கம், எண்ணெய் வேண்டும்" என்ற செய்தி தயாராக இருக்கும், அனுப்பினால் போதும். நன்றாகத்தான் வேலை செய்தது.

நேற்று திருப்பூர் கடைக்காரர் கூப்பிட்டு, "என்னங்க, உங்க பாட்டிலை ஸ்கேன் பண்ணினா காசு கட்டச் சொல்லுது" என்றார். பார்த்தால், கோடு செயலிழந்துவிட்டது, தொடர சந்தா கட்டவும் என்று ஒரு பக்கம் வருகிறது. 'இலவச கியூஆர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு தளத்தில்தான் செய்தேன். இலவசம் 14 நாளுக்கு மட்டும் என்பது பக்கத்தின் அடியில் எறும்பு சைஸில் இருந்திருக்கிறது.

1,800 பாட்டில் கடைகளுக்குப் போய்விட்டது. 3,200 லேபிள் ரோலாகக் கையில் இருக்கிறது. இதைக் காப்பாற்ற வழி உண்டா? பெரிய கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே குட்டி லிங்க் வைத்திருக்கிறார்களே, அதை நம்மைப் போன்ற சின்ன ஆள் வைக்க முடியுமா?

சர்வர்காரன் | செவ்வாய், காலை 10.31

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். லிங்க்கைத் திறக்காமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் காட்டுகிற ஸ்கேனர் செயலியில் அந்தக் கோட்டைப் படியுங்கள். உங்கள் வாட்ஸ்அப் எண் அதில் இருக்காது. அந்தத் தளத்தின் முகவரியும், பின்னால் ஐந்தாறு எழுத்தும்தான் இருக்கும்.

கியூஆர் என்பது வெறும் கட்டம் போட்ட படம். அதற்குக் காலாவதி கிடையாது. உங்கள் வாடிக்கையாளருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் கதவு வைத்திருந்தான், இப்போது சாத்திவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கதவை உங்கள் பெயரில் வைப்பதைத்தான் 'பிராண்டட் ஷார்ட் லிங்க்' என்கிறார்கள். தாராளமாக நீங்களும் வைக்கலாம். ஒரு டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர் வேண்டும், பத்து நிமிட வேலை வேண்டும்.

காங்கேயம்_செக்கு | செவ்வாய், காலை 10.50

படித்துப் பார்த்தேன் அண்ணா. நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. எங்கள் எண்ணே உள்ளே இல்லை!

அப்படியானால் நடுவில் யாருமே வேண்டாமே. வாட்ஸ்அப் லிங்க்கையே நேராகக் கியூஆராக மாற்றி அச்சடித்தால் என்ன?

சர்வர்காரன் | செவ்வாய், காலை 11.20

செய்யலாம். ஆனால் நாளைக்கு எண் மாறினால் அத்தனை லேபிளும் குப்பை. இன்னொன்று, தமிழ்ச் செய்தியை லிங்க்குக்குள் வைத்தால் அது எவ்வளவு வீங்கும் தெரியுமா? கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, இரண்டு எழுத்து என்று 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. 'வணக்கம்' என்பதில் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று 7 குறி. வணக்கம் சொல்வதற்கே 63 இடம் போய்விட்டது. உங்கள் முழு வாட்ஸ்அப் லிங்க்கையும் எண்ணினேன், 239 வருகிறது.

சிவகாசி_ஆஃப்செட் | செவ்வாய், மதியம் 12.15

அச்சுக்காரன் கோணத்தில் இருந்து சொல்கிறேன் தம்பி. 239 எழுத்து என்றால், நடுத்தரப் பிழைதிருத்த அளவில் (கொஞ்சம் அழிந்தாலும் படிக்கவைக்கும் ஏற்பாடு அது) கோடு 61க்கு 61 கட்டமாக வரும். எண்ணெய் பாட்டில் லேபிளில் கியூஆருக்கு எவ்வளவு இடம் விடுவீர்கள்? 15 மில்லிமீட்டர்? ஒரு கட்டம் கால் மில்லிமீட்டர்தான் தேறும். அது உருண்டை பாட்டில், மேலே பளபள லேமினேஷன், அதற்கு மேல் எண்ணெய்க் கை. யார் போனும் படிக்காது.

லிங்க்கை 20 எழுத்துக்குள் அடக்கினால் 25க்கு 25 கட்டம். அதே 15 மில்லியில் ஒரு கட்டம் 0.6 மில்லி. மங்கலான கடை வெளிச்சத்திலும் டக்கென்று பிடிக்கும்.

ஒரு தொழில் ரகசியம்: லிங்க்கை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுத்தால் கியூஆர் வேறு முறையில், இன்னும் நெருக்கிச் சேமிக்கும். சின்ன எழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கேட்டால் படித்த பிள்ளைகளே நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சர்வர்காரன் | செவ்வாய், மதியம் 12.40

அண்ணாச்சி சொல்வது முழுக்கச் சரி. பெரிய எழுத்து, எண், சாய்கோடு, புள்ளி, முக்காற்புள்ளி என்று மொத்தம் 45 குறிகளுக்கு ஒரு தனி முறை இருக்கிறது. கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எச்டிடிபிஎஸ் முன்னொட்டு சாய்கோடுகளோடு 8. டொமைன் பெயர் 6 எழுத்து. டாட் இன் என்பது 3. சாய்கோடு 1, அதற்குப் பின்னால் வரும் வால் ஒரே எழுத்து. கூட்டினால் 19. இது 25 கட்டக் கோட்டில், பிழைதிருத்தத்தை உச்சத்தில் வைத்தாலும் அடங்கும். அதாவது கோட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் எண்ணெய் பட்டு அழிந்தாலும் படிக்க வாய்ப்பு உண்டு. எண்ணெய் பாட்டிலுக்கு வேறு என்ன வேண்டும்?

மார்க்கெட்டிங்_மது | செவ்வாய், மாலை 4.02

கோவையில் சின்ன நிறுவனங்களுக்கு இந்த வேலைதான் செய்கிறேன். டெக்னிக்கலாக எல்லாரும் பேசிவிட்டீர்கள். அந்த 1,800 பாட்டில் பற்றி யாரும் பேசவில்லையே.

சார், கோபப்படாமல் கேளுங்கள். அந்தத் தளத்துக்கு மூன்று மாதச் சந்தா கட்டுங்கள். கட்டியதும் உள்ளே போய், பழைய கோடு போய்ச் சேரும் இடத்தை உங்கள் புது லிங்க்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாதத்தில் அந்த பாட்டில்கள் தீர்ந்துவிடும். அப்புறம் கணக்கை மூடிவிடலாம். கடைக்காரரிடம் கெடும் பேரைவிட இது மலிவு.

சர்வர்காரன் | செவ்வாய், மாலை 4.20

பிணைக்கைதியை மீட்கப் பணம் கட்டுவது மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

மார்க்கெட்டிங்_மது | செவ்வாய், மாலை 4.26

பிடிக்க வேண்டியது உங்களுக்கு இல்லை, திருப்பூர் கடைக்காரருக்கு.

சர்வர்காரன் | செவ்வாய், மாலை 4.31

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தானாகக் காசு பிடிக்கும் ஏற்பாட்டை, கட்டிய அன்றே ரத்து செய்துவிடுங்கள். யுபிஐ ஆட்டோபே பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பழைய_பிளாகர் | செவ்வாய், இரவு 9.15

நான் 2009ல் இருந்து குட்டி லிங்க்குகளோடு அடிபட்டவன். அப்போது கூகுளே ஒரு சுருக்கிச் சேவை தொடங்கியது. கூகுள் என்றால் கடைசி வரை இருக்கும் என்று என் வலைப்பூவில் நூற்றுக்கணக்கில் அதையே போட்டேன். 2018ல் மூடப்போகிறோம் என்றார்கள், 2019 மார்ச்சோடு புது லிங்க் உருவாக்குவது நின்றது. பழையவை ஓடிக்கொண்டிருந்தன. 2024ல் திரும்பவும் ஒரு அறிவிப்பு: 2025 ஆகஸ்ட் 25க்குப் பிறகு பழையவையும் வேலை செய்யாது. அந்தத் தேதி நெருங்கும்போது மனம் மாறி, புழக்கத்தில் இருப்பவை மட்டும் ஓடும் என்றார்கள். என் வலைப்பூவை யார் படிக்கிறார்கள், புழக்கத்தில் இருக்க! பாதி போய்விட்டது.

டொமைன் பெயரின் கடைசியில் வரும் நாட்டுக் குறியீடும் கவனம். சுருக்கிச் சேவைகளில் நிறைய பார்க்கும் 'எல்.ஒய்' என்ற குறியீடு லிபியாவுடையது. 2010ல் லிபியப் பதிவகம், உள்ளூர்ச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி அப்படிப்பட்ட ஒரு சுருக்கி முகவரியையே பறித்துக்கொண்டது. நமக்கு டாட் இன் போதும். கேட்பவருக்கும் பழகிய பெயர்.

யாழ்_நிரலாளர் | புதன், காலை 7.48

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு யோசனை. தமிழிலேயே டொமைன் எடுக்கலாம் அல்லவா? டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. செக்கு எண்ணெய்க்கு எவ்வளவு பொருத்தம்! எங்கள் சனசமூக நிலையத்துக்கு டாட் இலங்கையில் ஒன்று எடுத்தோம். பெயர்ப்பலகையில் பார்க்க அவ்வளவு அழகு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் முகவரி உள்ளுக்குள் எக்ஸ்-என் என்று தொடங்கும் ஆங்கிலக் கோவையாக மாறித்தான் போகிறது, அதனால் கியூஆர் சுருங்காது, பெருக்கும். செய்திச் செயலிகளில் அனுப்பினால் சிலது அதை லிங்க்காகவே மதிப்பதில்லை, வெறும் எழுத்தாக நிற்கும். பலகைக்கு வைத்துக்கொள்ளலாம். லேபிளுக்கு வேண்டாம்.

காங்கேயம்_செக்கு | புதன், காலை 11.30

எல்லாருக்கும் நன்றிங்க. மது மேடம் சொன்னபடி மூன்று மாதம் கட்டிவிட்டேன், வயிறு எரிந்தாலும்.

இப்போது பெயர்தான் பிரச்சினை. 'செக்கு' என்று வருகிற மாதிரி எடுக்கலாம் என்று பார்த்தேன். வீட்டில் ஐந்து பேரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒருவர் சி-எச் போடுகிறார், ஒருவர் எஸ் போடுகிறார், கே ஒன்றா இரண்டா என்று சண்டை. என் மகள் கடைசியில் யு-வுக்குப் பதில் இரண்டு ஓ போட்டாள். ஐந்து பேருக்கு நாலு விதம்!

எங்கள் கடைக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருக்கிறது. பெயர் 17 எழுத்து. அதன் முன்னால் 'கோ' (ஜி, ஓ) என்று ஒட்டிச் செய்யலாம் என்று பழக்கக்காரர் ஒருவர் சொன்னார். எது நல்லது?

சர்வர்காரன் | புதன், மதியம் 12.05

என் ஓட்டு அந்த 'கோ'வுக்குத்தான், அதாவது சப்டொமைனுக்கு. இருக்கிற டொமைனிலேயே இலவசமாக எத்தனை வேண்டுமானாலும் போடலாம். தனியாகப் புதுப்பிக்க வேண்டியதில்லை. புது டொமைன் எடுத்து, மூன்றாம் வருடம் புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும்? யாராவது எடுத்துச் சூதாட்டத் தளம் வைப்பான். உங்கள் நல்லெண்ணெயை ஸ்கேன் செய்தால் ரம்மி வரும்.

சிவகாசி_ஆஃப்செட் | புதன், மதியம் 12.30

17 எழுத்தோடு 'கோ', புள்ளி என்று இன்னும் மூன்றா? 19 என்று நீங்களே கணக்குப் போட்டுவிட்டு இப்போது 33க்குப் போகிறீர்களே. கட்டம் கூடும், இல்லையென்றால் பிழைதிருத்தத்தைக் குறைக்க வேண்டிவரும். லேபிளில் அச்சடிக்கும் பொருளுக்குத் தனி டொமைன்தான். மறதிக்குப் பயந்தால் ஒரேயடியாகப் பத்து வருடத்துக்குக் கட்டிவிட வேண்டியதுதானே.

மார்க்கெட்டிங்_மது | புதன், மதியம் 1.10

இதில் நான் அச்சுக்காரர் பக்கம். தொலைபேசியில் சொல்லிப் பார்த்தாலே தெரியும். 17 எழுத்தை ஒரு பாட்டியம்மாவுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் கடைப் பெயரின் முதல் மூன்று எழுத்து, கூடவே 'ஆயில்' என்ற மூன்று எழுத்து. சரியாக ஆறு. இன்னொருவர் எடுத்திருந்தால் வேறு பார்ப்போம்.

எடுக்கும்போது மூன்று விஷயம். டொமைன் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் பதிவாக வேண்டும், வெப்சைட் செய்து கொடுத்தவரின் கணக்கில் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக் கடைக்காரர், டொமைன் தன் பெயரில் இல்லை என்பதையே அதைச் செய்து கொடுத்தவர் வெளிநாடு போன பிறகுதான் கண்டுபிடித்தார். அடுத்து, முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். அப்புறம் அந்தப் பெயருக்கு முன்கதை உண்டா என்று பாருங்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய பக்கங்கள் தெரியும். ஆபத்தான தளமா என்று காட்டும் கூகுளின் சேஃப் பிரவுசிங் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள்.

காங்கேயம்_செக்கு | புதன், இரவு 8.40

நல்ல வேளை சொன்னீர்கள் மேடம். முதலில் பிடித்த பெயரைக் காப்பகத்தில் பார்த்தால், நாலு வருடம் முன்னால் அது ஏதோ மாத்திரை விற்கிற தளம். விட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன 'ஆயில்' பெயரே கிடைத்தது. என் பெயரில், ஐந்து வருடத்துக்கு எடுத்துவிட்டேன்.

இனி என்ன? ஏதாவது சேவைக்குப் பணம் கட்ட வேண்டுமா?

மார்க்கெட்டிங்_மது | வியாழன், காலை 9.30

பிட்லி, ரீபிராண்ட்லி, ஷார்ட் டாட் ஐஓ என்று நிறைய இருக்கின்றன. உங்கள் டொமைனை அவற்றோடு இணைத்துவிட்டால், லிங்க் உங்கள் பெயரில் இருக்கும், வேலையை அவர்கள் பார்ப்பார்கள். எத்தனை பேர், எந்த ஊர், எந்த போன் என்றெல்லாம் கணக்கு காட்டும். இருபது முப்பது விளம்பரம் ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் சரி. பிடிக்காவிட்டால் டொமைனை எடுத்துக்கொண்டு வேறு சேவைக்குப் போய், அதே வால்களைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். அச்சடித்தது சாகாது.

இணைக்கும்போது ஒரு எச்சரிக்கை. சப்டொமைன் என்றால் சி-நேம் பதிவு (இன்னொரு பெயரைக் கைகாட்டுவது) போடுவார்கள். முன்னால் எதுவும் ஒட்டாத மொட்டை டொமைனுக்கு அது ஆகாது, சர்வரின் எண் முகவரியைக் காட்டும் ஏ-ரெக்கார்டுதான். என் வாடிக்கையாளர் ஒருவர் தன் கடையின் முக்கிய டொமைனிலேயே, இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு சி-நேம் போட்டார். வெப்சைட்டும் போச்சு, மெயிலும் போச்சு. இரண்டு நாள் ஆர்டர் மெயில் எதுவும் வரவில்லை.

சர்வர்காரன் | வியாழன், காலை 10.15

உங்களுக்கு எத்தனை லிங்க் வேண்டும்? கடலை, எள், தேங்காய், அப்புறம் விலைப்பட்டியல். நாலு! நாலு லிங்க்குக்கு மாதச் சந்தாவா?

வெப்சைட்டுக்கு ஏற்கெனவே ஹோஸ்டிங், அதாவது சர்வரில் வாடகை இடம் இருக்கிறது. அதன் பேனலில் புது டொமைனைக் கூடுதல் டொமைனாகச் சேருங்கள். அதற்கென்று ஒரு ஃபோல்டர் வரும். அதில் டாட் எச்டிஅக்சஸ் என்ற கோப்பில் லிங்க்குக்கு ஒரு வரி வீதம் நாலு வரி. முடிந்தது. நூற்றுக்கணக்கில் போனால் யுவர்ல்ஸ் என்ற, லிங்க் சுருக்கும் இலவச மென்பொருளை அதே ஹோஸ்டிங்கில் நிறுவலாம். அதைப் பொதுமக்களுக்குத் திறந்து மட்டும் வைக்காதீர்கள். நான் ஒருமுறை வைத்தேன். ஒரே வாரத்தில் ஊரில் உள்ள மோசடி லிங்க் எல்லாம் என் டொமைனில் குடியேறி, குரோம் சிவப்புப் பக்கம் காட்ட ஆரம்பித்துவிட்டது.

பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் புது டொமைனுக்கும் வந்ததா என்று பாருங்கள். திருப்பிவிடுவதற்கு முன்பே போன் சான்றிதழைக் கேட்கும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பார்க்கிற முதல் வாசகம் 'இது பாதுகாப்பானதல்ல'.

காங்கேயம்_செக்கு | வியாழன், இரவு 10.55

செய்துவிட்டேன்! கே என்றால் கடலை, என் என்றால் நல்லெண்ணெய், டி என்றால் தேங்காய். பாதி வெற்றி. மூன்று குழப்பம்.

ஒன்று: சின்ன எழுத்தில் தட்டினால் போகிறது, கியூஆரில் ஸ்கேன் செய்தால் 'பக்கம் இல்லை' என்கிறது.

இரண்டு: முதலில் விலைப்பட்டியல் லிங்க்கைத் தவறான பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் திருத்தினேன். வீட்டுக்காரம்மா போனில் சரியான பக்கம் வருகிறது. என் போனில் பழையதே வருகிறது.

மூன்று: வாட்ஸ்அப் திறக்கிறது, ஆனால் செய்திப் பெட்டியில் 'வணக்கம்' இல்லை. சதவீதக் குறியும் எண்ணுமாகக் கொட்டுகிறது.

சர்வர்காரன் | வியாழன், இரவு 11.20

ஒன்று: டொமைன் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் கிடையாது. வாலில் உண்டு. கியூஆரில் பெரிய கே போகிறது, உங்கள் வரியில் சின்ன கே இருக்கிறது. விதியின் கடைசி அடைப்புக்குள் என்.சி என்ற கொடியை (விதிக்கான குட்டிக் குறிப்பு) சேருங்கள், இரண்டையும் ஏற்கும். போன்களின் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வழக்கமும் உண்டு, அதற்கும் இது உதவும்.

இரண்டு: திருப்பிவிடும் வகையாக 301 போட்டிருப்பீர்கள். 301 என்றால் நிரந்தரமாக வீடு மாறிவிட்டோம் என்று அர்த்தம். உங்கள் போன் அதை நம்பி மனப்பாடம் செய்துவிட்டது, இனி சர்வரைக் கேட்கவே கேட்காது. வீட்டுக்காரம்மாவின் போன் முதல்முறையாக இப்போதுதான் வந்திருக்கிறது. 302 என்று மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் போகும், வருகைக் கணக்கும் சரியாக இருக்கும். உங்கள் போனில் பிரவுசர் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிடுங்கள்.

மூன்று: சதவீதக் குறியை மாற்றாமல் விடச் சொல்லும் என்.இ என்ற கொடியையும் சேருங்கள்.

பழைய_பிளாகர் | வெள்ளி, காலை 6.30

தேடுபொறிக்கு 301தான் நல்லது என்று படித்த நினைவு?

சர்வர்காரன் | வெள்ளி, காலை 7.05

பழைய பக்கத்தைப் புதுப் பக்கத்துக்கு நிரந்தரமாக மாற்றினால் 301 சரி. இது எண்ணெய் பாட்டில். இதைக் கூகுளில் தேடி யாரும் வரப்போவதில்லை. நாளைக்கு மாற்றக்கூடிய எதற்கும் 302தான்.

காங்கேயம்_செக்கு | வெள்ளி, காலை 8.10

ஒன்றும் இரண்டும் சரியாகிவிட்டன. மூன்றாவது பாதிதான். ம, ண, வ எல்லாம் வருகிறது. க வருகிற இடமும், புள்ளி வைத்த எழுத்தும் உடைந்து, கறுப்பு வைரம் மாதிரி ஒரு கேள்விக்குறி தெரிகிறது. தமிழில் புள்ளி இல்லாமல் எப்படியண்ணா எழுதுவது?

சர்வர்காரன் | வெள்ளி, காலை 9.00

இது எனக்கே புதுசு. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். க-வின் கடைசிப் பைட் 95. முகவரியில் சதவீதக் குறியும் 95-ம் சேர்ந்து வரும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளின் ரீரைட் (திருப்பிவிடும்) விதியில் சதவீதக் குறிக்குப் பின்னால் ஏதாவது எண் வந்தால் அது தன்னுடைய நிரப்பிடம் என்று எடுத்துக்கொள்கிறது. சதவீதம்-9 என்பதை விழுங்கிவிட்டு 5-ஐ மட்டும் விடுகிறது. புள்ளி 8டி என்று முடியும், அதற்கும் அதே கதி. வ, ண, ம மூன்றின் கடைசிப் பைட்டும் எழுத்தில் தொடங்குவதால் தப்பிவிட்டன. ஒவ்வொரு சதவீதக் குறிக்கு முன்னாலும் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரியாகிவிடும். ஆனால் 22 தமிழ்க் குறி, 66 சதவீதக் குறி...

மார்க்கெட்டிங்_மது | வெள்ளி, காலை 9.20

66 பின்சாய்கோடா! வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்குள்ளேயே குறு இணைப்பு என்று ஒன்று இருக்கிறது சார். அதில் தமிழிலேயே செய்தியைத் தட்டி வைத்தால், அவர்களே ஒரு குட்டி முகவரி தருவார்கள். உங்கள் லிங்க்கை அதற்குத் திருப்பிவிடுங்கள். செய்தியை மாற்ற வேண்டுமானால் போனிலேயே மாற்றலாம், சர்வரைத் தொட வேண்டாம்.

காங்கேயம்_செக்கு | வெள்ளி, காலை 10.02

வணக்கம் வந்துவிட்டது! புள்ளியோடு!

இன்னும் இரண்டு கேட்டுவிடுகிறேன். தீபாவளிக்கு எல்லாருக்கும் எஸ்எம்எஸ்ஸில் இந்த லிங்க் அனுப்பலாமா? அப்புறம் பில்லையும் இதே மாதிரிக் குட்டி லிங்க்காக அனுப்பலாமா?

மார்க்கெட்டிங்_மது | வெள்ளி, காலை 11.45

மொத்த எஸ்எம்எஸ் என்றால் மொத்தச் செய்தி அனுப்புவோருக்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயராக வரும் தலைப்பு, செய்தி வார்ப்பு மூன்றும் பதிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் லிங்க்கையும் முன்கூட்டியே பதிய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்துவிட்டது. பதியாத லிங்க் உள்ள செய்தி போய்ச் சேராது. எல்லாருக்கும் பொதுவான சுருக்கி முகவரியைவிடச் சொந்த டொமைன் இங்கேதான் கைகொடுக்கும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே பதிந்துவிடுங்கள், கடைசி வாரத்தில் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.

சர்வர்காரன் | வெள்ளி, மதியம் 12.10

பில் வேண்டவே வேண்டாம். வால் சின்னதாக இருந்தால் யார் வேண்டுமானாலும் வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். 26 எழுத்து பெரிதும் சிறிதும், பத்து எண்ணும் சேர்ந்து 62. ஐந்து இடம் என்றால் 91 கோடிக்கும் மேல் வாய்ப்பு. பெரிதாகத் தெரியும், கணினிக்கு ஒன்றுமில்லை. 2016ல் கார்னெல் டெக் ஆய்வாளர்கள் இப்படி ஐந்தாறு எழுத்துக் குட்டி லிங்க்குகளை வரிசையாகச் சோதித்து, மற்றவர்களின் ஒன்டிரைவ் (இணையச் சேமிப்பு) கோப்புகளுக்கும் வரைபட வழிகளுக்கும் போய்ச் சேர முடிந்ததைக் காட்டினார்கள். ஊருக்கே காட்டலாம் என்பதை மட்டும் குட்டி லிங்க்கில் வையுங்கள்.

சிவகாசி_ஆஃப்செட் | வெள்ளி, மாலை 5.30

தம்பி, மீதி 3,200 லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய கோட்டின் மேல் ஒட்ட 20 மில்லி சதுர ஸ்டிக்கர் அடித்து அனுப்புகிறேன். சுற்றிலும் நாலு கட்ட அளவு வெள்ளை இடம் இருக்கும், அதை வெட்டிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் போன் படிக்காது. எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம எண், தேதி எதையும் ஸ்டிக்கர் மறைக்கக் கூடாது. கோட்டுக்குக் கீழே லிங்க்கை எழுத்திலும் போட்டிருக்கிறேன். மூத்தவர்கள் பலர் ஸ்கேன் செய்வதில்லை, தட்டுவார்கள்.

முதலில் பத்து மட்டும் வரும். பாட்டிலில் ஒட்டி, கையில் எண்ணெய் தடவி, மாட்டுக்கொட்டகை வெளிச்சத்தில் நாலு போனில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அப்புறம்தான் மீதியை ஓட்டுவேன்.

காங்கேயம்_செக்கு | அடுத்த வெள்ளி, காலை 6.20

பத்தும் பாஸ் அண்ணாச்சி. எங்கள் அப்பாவின் பழைய போன் மட்டும் நாலாவது தடவையில்தான் படித்தது. மீதியும் வந்து, 400 பாட்டிலில் ஒட்டி அனுப்பியாயிற்று.

ஹோஸ்டிங் பேனலில் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தூக்கம் போச்சு. இன்று காலை 5.40க்கு ஒரு பெரிய கே. ஐந்து நிமிடத்தில் தாராபுரத்தில் இருந்து வாட்ஸ்அப்: "வணக்கம், எண்ணெய் வேண்டும்", அதன் கீழே "5 லிட்டர்". நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

புதிய_உறுப்பினர்_27 | அடுத்த வெள்ளி, காலை 11.15

இந்த இழையைப் படித்ததும் பகீர் என்றது. அக்கா கல்யாணப் பத்திரிகை 600 அடித்து, பாதி கொடுத்தாயிற்று. மண்டபத்துக்கு வழி காட்டுகிற கியூஆர், ஒரு 'இலவச' தளத்தில் செய்தது. பத்து நாள் ஆகிறது.

சர்வர்காரன் | அடுத்த வெள்ளி, காலை 11.22

முகூர்த்தம் என்றைக்கு?

புதிய_உறுப்பினர்_27 | அடுத்த வெள்ளி, காலை 11.23

இன்னும் 18 நாள் இருக்கிறது.

மார்க்கெட்டிங்_மது | அடுத்த வெள்ளி, காலை 11.30

உங்களுக்கு டொமைன் எல்லாம் வேண்டாம் தம்பி. ஒரு மாதச் சந்தா கட்டிவிட்டு, பந்தி வேலையைப் பாருங்கள்.